ராஜ விசுவாசம் இல்லாத காவல்காரன்

வாழப்பாடிப் பக்கத்துக் கிராமங்களில், பாட்டியின் சுருக்குப் பையிலிருந்து காசை எடுத்துக்கொண்டு, அகப்படாமல் கடைவீதிக்கு ஓடிவிடுகிற பேரனைப் பார்த்து, "இவன் சரியான எம்டன்!" என்று சொல்வதுண்டு. திட்டுகிற குரலில்தான் சொல்வாள் பாட்டி. ஆனால் அந்தத் திட்டுக்குள்ளே ஒரு பெருமையும் ஒளிந்திருக்கும். அந்தப் பாட்டி கடலைப் பார்த்தவள் அல்ல. ஜெர்மனி எந்தத் திசையில் இருக்கிறதென்றும் அவளுக்குத் தெரியாது. ஆயினும் ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பல் அவள் நாவில் குடியேறிவிட்டது.

1914-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 22-ஆம் தேதி இரவு, 'எம்டன்' என்ற அந்தக் கப்பல் சென்னைக் கடற்கரைக்கு எதிரே வந்து நின்று, துறைமுகத்தில் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளின் மீது குண்டு பொழிந்தது. எண்ணெய் பற்றி எரிந்த வெளிச்சத்தில் பட்டணம் விழித்துக்கொண்டது. பட்டணத்து ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறினார்கள். கப்பலோ தெற்கே திரும்பி, இலங்கையைச் சுற்றியிருந்த கடலில் பிரிட்டிஷ் வியாபாரக் கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடித்துக்கொண்டு திரிந்தது. (செண்பகராமன் பிள்ளை அதில் இருந்தார் என்றொரு கதை நம்மிடையே உலவுகிறது. கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆதாரம்தான் இல்லை.) நவம்பர் 9-ஆம் தேதி கோகோஸ் தீவுகளுக்கு அருகில் 'சிட்னி' என்ற ஆஸ்திரேலியக் கப்பலிடம் அடிபட்டு எம்டனின் கதை முடிந்தது.

இந்தக் கதையை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். இதற்கு ஒரு வால் உண்டு. அது இலங்கையின் தென்கிழக்குக் காட்டுக்குள் போகிறது. கடலில் திரிந்த அந்தக் கப்பலுக்குக் காட்டு இறைச்சி கொடுத்து உதவினான் என்று சந்தேகித்து, பிரிட்டிஷ் சர்க்கார் ஒரு மனிதனைப் பிடித்துச் சிறையில் போட்டது. அவன் அதே சர்க்காரின் உத்தியோகஸ்தன். யானைக்கும் மானுக்கும் காவல் இருப்பதுதான் அவன் வேலை. பெயர் எங்கல்பிரெக்ட்.

அவன் இலங்கைக்குத் தானாக வந்தவன் அல்லன். தென்னாப்பிரிக்காவில் போயர் ஜாதிக் குடியானவர்களுக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த யுத்தத்தில், பிடிபட்ட போயர்களை வைக்க இடமில்லாமல், 1900-ஆம் ஆண்டு முதல் சுமார் 5,000 பேரைக் கப்பலேற்றி இலங்கை மலைநாட்டில் தியத்தலாவை என்ற இடத்தில் தகரக் கொட்டகைகளில் அடைத்து வைத்தார்கள். 1902-இல் யுத்தம் முடிந்தது. ஊர் திரும்பலாம், ஒரே ஒரு நிபந்தனை. ஆங்கில மன்னருக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். கிட்டத்தட்ட எல்லோருமே செய்தார்கள். வீடும் நிலமும் மனைவி மக்களும் காத்திருக்கும்போது ஒரு வார்த்தையா பெரிது? ஒரு சிலருக்குப் பெரிதாக இருந்தது. அந்தச் சிலரில் எங்கல்பிரெக்ட் ஒருவன். சத்தியம் செய்யவில்லை, ஆகவே ஊருக்கும் போகவில்லை.

அப்படிப்பட்டவனைத்தான் சில ஆண்டுகள் கழித்து அம்பாந்தோட்டை ஜில்லாவின் யால வனத்துக்குக் காவல் அதிகாரியாக நியமித்தார்கள். மன்னருக்கு விசுவாசம் சொல்ல மறுத்தவன் கையில் மன்னருடைய காடு! அது என்ன காடு, அதற்கு ஏன் காவல் வேண்டியிருந்தது என்று தெரிந்தால்தான் இதன் விசித்திரம் முழுவதும் விளங்கும்.

அதற்கு ஓர் அறுபது ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். அந்தக் காலத்தில் இலங்கைச் சர்க்காருக்கு யானை என்றால் பயிரை அழிக்கும் பிராணி, அவ்வளவுதான். எலிக்கு விலை வைப்பதுபோல யானைக்கு விலை வைத்தார்கள். கொன்று வாலைக் கொண்டுவந்து காட்டினால் பணம். 1848-க்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கு மேல் கொல்லப்பட்டன. 1851-லிருந்து 1856-க்குள் தென் மாகாணத்தில் 2,000. பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் ரோஜர்ஸ் என்ற துரை தாம் ஒருவராகவே ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுத் தள்ளியவர். 1845-இல் அப்புத்தளையில், தங்கும் விடுதி வாசலில் நின்றபோது இடி விழுந்து இறந்தார். யானைகளின் சாபம் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள், பேசாமல் இருப்பார்களா?

வாழப்பாடிக்கு வடக்கே, அருநூற்றுமலை அடிவாரத்தில், ஆனைமடுவு என்று ஓர் இடம் இருக்கிறது. இன்று அங்கே அணைக்கட்டு இருக்கிறது. ஆனை பெயரில் மட்டும் இருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இலங்கையின் இந்தக் கணக்குகள்தாம் ஞாபகம் வரும்.

யானையைச் சுட்டது துரைமார். காட்டை வெட்டியது யார்? அதைச் சொல்லும்போது நாம் சற்றுத் தலை குனியவும் வேண்டும், கண் கலங்கவும் வேண்டும். சேலம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரைச் சீமைகளிலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் அஞ்சி, கங்காணி கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு 'கண்டிச் சீமை'க்குப் புறப்பட்டவர்களின் கைகள்தாம் அந்த மரங்களை வெட்டின. மன்னாரில் கரையிறங்கி, மாத்தளை வரை தண்ணீரற்ற காட்டு வழியே நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் வழியிலேயே கிடந்தார்கள். நடந்து முடித்தவர்கள் கையில் கோடரியைக் கொடுத்தார்கள். எழுபதுகளின் இறுதிக்குள் மலைநாட்டில் 2½ லட்சம் ஏக்கருக்கு மேல் காப்பித் தோட்டம் ஆகிவிட்டது. அதற்குள்ளாகவே, 1869-இல், காப்பி இலையில் துரு நோய் கண்டு எல்லாம் பட்டுப்போகத் தொடங்கியதும், அதே மலையில், அதே கைகளைக் கொண்டே தேயிலை வைத்ததும் வேறு கதை.

மலையுச்சிகள் மொட்டையாவதைப் பார்த்து முதலில் கவலைப்பட்டவர்களில் ஒருவர் ஜோசப் ஹூக்கர் என்ற தாவர சாஸ்திர நிபுணர். 5,000 அடிக்கு மேலே இருக்கும் காட்டைத் தொடாதீர்கள் என்று அவர் சொன்ன யோசனையை ஏற்று, 1873-இல் சர்க்கார் தடை போட்டது. ஹோர்ட்டன் சமவெளி என்று இன்று உலகம் முழுவதிலிருந்தும் பிரயாணிகள் வந்து பார்க்கும் புல்வெளியும் பனிக்காடும் எஞ்சியது அந்தத் தடையினால்தான். அது 1988-இல் தேசியப் பூங்காவாயிற்று. ஆறுகள் பிறக்கும் இடத்தைக் காப்பாற்றினால் கீழே இருக்கும் தோட்டத்துக்கும் தண்ணீர் கிடைக்கும் என்ற கணக்கும் அந்தத் தடையில் கலந்துதான் இருந்தது. இருக்கட்டுமே, கணக்குப் பார்த்தாவது காப்பாற்றினார்களே!

கீழ்நாட்டுக் காடுகளின் கதை வேறு. அங்கே காப்பாற்ற முன்வந்தவர்கள் வேட்டைக்காரர்கள்! சுட்டுச் சுட்டு, சுடுவதற்கு இனி ஒன்றும் மிஞ்சாது என்ற நிலை வந்தபோது, 1894-இல் துரைமார் கூடி வேட்டைப் பிராணிகள் பாதுகாப்புச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். அவர்களுடைய முயற்சியால் 1900-இல் மாணிக்க கங்கைக்கும் கும்புக்கன் ஆற்றுக்கும் நடுவே 389 சதுர கிலோமீட்டர் காடு சரணாலயமாயிற்று. அதை ஒட்டி இன்னொரு காடு, இலங்கையிலேயே வசிக்கும் வேட்டைக்காரர்கள் மட்டும் சுடுவதற்கென்று ஒதுக்கப்பட்டது. இந்தப் பக்கம் பெருகட்டும், அந்தப் பக்கம் சுடலாம் என்பது ஏற்பாடு.

மாணிக்க கங்கை என்றதும் பக்தர்களுக்குப் புல்லரிக்கும். கதிர்காமத்தில் முருகனைக் காணப் போகிறவர்கள் மூழ்கி எழும் அதே ஆறுதான். யாழ்ப்பாணத்திலிருந்து கிழக்குக் கரையோரமாகவே நடந்து, ஒகந்தை முருகனைக் கும்பிட்டுவிட்டு, குமணை வழியாக யாலக் காட்டுக்குள் நுழைந்து கதிர்காமம் சேரும் பாதயாத்திரை இன்றும் நடக்கிறது. யானைக்கும் சிறுத்தைக்கும் நடுவே "அரோகரா" என்று சொல்லிக்கொண்டு போகிறவர்களுக்கு, அது தேசியப் பூங்கா என்பதைவிட, கந்தன் வள்ளியைத் தேடிப்போன வனம் என்பதே பெரிது.

இந்தக் காட்டில்தான் எங்கல்பிரெக்ட் காவல் இருந்தான். யாரிடமிருந்து காவல்? துரைமாருக்கு உரிமச் சீட்டு இருந்தது. சீட்டு இல்லாதவர்கள் காட்டோரத்துச் சிங்களக் கிராமத்து ஏழைகள். அவர்கள் காட்டைச் சுட்டுச் சேனைப் பயிர் செய்வார்கள். நம்முடைய மலைகளில் புனம் போடுவது போலத்தான். மழை பொய்த்த ஆண்டில் ஒரு மானை அடித்துத் தின்பார்கள். அவர்கள் பாட்டன் காலத்தில் அது பசி. சட்டம் வந்த பிறகு அது குற்றம். போயர் நாட்டில் நிலத்தைப் பறிகொடுத்துவிட்டு வந்தவன், இங்கே நிலத்தைப் பறிகொடுத்தவர்களைப் பிடித்துக் கொடுக்கும் வேலையைச் செய்தான். அதை அவன் என்றாவது நினைத்துப் பார்த்தானோ?

பிடிபட்டவர்கள் நிற்க வேண்டிய கச்சேரியில், 1908 முதல் 1911 வரை அதிகாரியாகவும் நீதிபதியாகவும் உட்கார்ந்திருந்தவர் லெனார்ட் உல்ஃப். அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் வேலை பார்த்துத் தமிழ் கற்றவர். பின்னால் வர்ஜீனியா உல்ஃப் என்ற பெரிய எழுத்தாளரை மணந்தவர். எங்கல்பிரெக்டை அவர் நன்கு அறிவார். உத்தியோகத்தை உதறிவிட்டு ஊர் திரும்பிய பிறகு, 1913-இல், அவர் ஒரு நாவல் வெளியிட்டார். காட்டுக்குள் இருக்கும் ஒரு கிராமம். சேனைக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும். சீட்டு கிராமத் தலைவன் கையில் இருக்கிறது. அவனுக்கு வேண்டாதவன் பட்டினி கிடக்க வேண்டியதுதான். கடைசியில் காடு வந்து கிராமத்தை விழுங்கிவிடுகிறது. தீர்ப்பு எழுதியபோது எழுத முடியாததையெல்லாம் அந்த மனிதர் நாவலில் எழுதியிருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. நாவல் எழுதுகிறவர்களுக்கு இதைவிட ஆறுதலான செய்தி வேறு என்ன வேண்டும்?

உல்ஃப் போய் மூன்று ஆண்டுகளில் யுத்தம் வந்தது, எம்டனும் வந்தது. கடற்கரையை ஒட்டிய காட்டிலே தனியே இருக்கிறான். கை நிறைய வேட்டைப் பிராணி இருக்கிறது. ராஜ விசுவாசச் சத்தியம் செய்யாதவன். சந்தேகத்துக்கு வேறு என்ன வேண்டும்? உண்மையில் எம்டனுக்கு யால மானின் இறைச்சி தேவையே இல்லை. தான் பிடித்த வியாபாரக் கப்பல்களிலிருந்தே அரிசி, மாவு, இறைச்சி, சோப்பு வரை எடுத்துக்கொண்டு அது சுகமாக வாழ்ந்தது. ஆனால் பயந்த சர்க்காருக்குக் கணக்கு வராது. பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தைக்காக, செய்யாத ஒரு காரியத்தைச் செய்ததாகச் சொல்லி, அந்த மனிதனை இரண்டாம் முறை சிறையில் வைத்தார்கள். 1928-இல் அவன் அம்பாந்தோட்டையில் இறந்தான். பிறந்த நாட்டை அவன் மறுபடியும் பார்க்கவே இல்லை.

அவன் இறந்து பத்து ஆண்டுகள் கழித்து, புதிய வனவிலங்குச் சட்டத்தின் கீழ், யாலவும் வடமேற்கே வில்பத்துவும் 1938-இல் இலங்கையின் முதல் தேசியப் பூங்காக்கள் ஆயின. அதன்பின் பட்டியல் வளர்ந்தது. பட்டிப்பளை ஆற்றில் அணை கட்டியதும் 1954-இல் கல்லோயா, 1972-இல் உடவளவை, மழைக்காடாகிய சிங்கராஜாவை 1988-இல் ஐக்கிய நாடுகள் சபையின் நிறுவனமாகிய யுனெஸ்கோ உலகச் சொத்து என்று ஏற்றுக்கொண்டது. நடுவே இன யுத்தம் வந்து வில்பத்துவைப் பல ஆண்டுகள் மூடி வைத்தது. பெயர்களை அடுக்கிக்கொண்டே போகலாம், வேண்டாம். இன்னும் ஒரே ஒரு காட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மகாவலி ஆற்றுத் திட்டத்துக்காக அணைகள் கட்டியபோது, நீர்ப்பிடிப்பைக் காக்க, 1983-இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா ஏற்பட்டது. அந்தக் காட்டில், நமக்குத் தெரிந்த சரித்திரத்துக்கெல்லாம் முன்பிருந்தே வேடர்கள் தேனெடுத்தும் வேட்டையாடியும் வாழ்ந்து வந்தார்கள். இனி உள்ளே வேட்டை கூடாது என்றது சட்டம். வேறிடத்தில் வீடும் வயலும் தருகிறோம், போய்விடுங்கள் என்றது சர்க்கார். பெரும்பாலோர் போனார்கள். பூங்காவின் ஓரத்துத் தம்பானையில் திஸாஹாமி என்ற கிழவர் மட்டும், தம்மைச் சேர்ந்த சில குடும்பங்களோடு, போகமாட்டேன் என்றார்.

அவர் வேடர்களின் தலைவர். மார்பு வரை தொங்கும் வெண் தாடி, வெற்று மேனி, தோளிலே கோடரி. மந்திரிகள் வந்து பேசிப் பார்த்தார்கள். அவருடைய படம் பத்திரிகைகளில் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வண்டி வண்டியாக வந்து அவரை வேடிக்கை பார்த்தார்கள். பாட்டன் வேட்டையாடிய காட்டுக்குள் பேரன் வில்லோடு நுழைந்தால் காவலர் பிடிப்பார்கள். அதே காட்டுக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு வரும் பிரயாணியைக் காவலர் சலாம் செய்து அழைத்துப் போவார்கள்.

1998-இல் காலமாகும் வரை திஸாஹாமி குடிபெயரவில்லை. அவருக்குப் பின் அவருடைய மகன் தலைவரானார். தம்பானையில் அவர்களுடைய குடிசைகள் இன்றும் இருக்கின்றன. அவற்றைத் தாண்டிச் சற்று நடந்தால் பூங்காவின் எல்லை.