மே கிளாங் ஆற்றின் மேல்பக்கம்

தாய்லாந்தின் மிகச் சிறிய மாகாணம் சமுத் சோங்கிராம். மே கிளாங் ஆறு கடலில் சேருமிடம். பெயரைப் பிரித்தால் சமுத்திரம், சங்கிராமம்!

எல்லோரும் போவது ரயில் நுழையும் சந்தையைப் பார்க்க. நானும் பார்த்தேன். வண்டி வந்ததும் பந்தலைச் சுருட்டுகிறார்கள். நம் ஜலகண்டாபுரம் கடைவீதியில் பஸ் திரும்புவதைப் பார்த்தவர்களுக்குப் பெரிய வியப்பில்லை.

அந்த ஆற்றின் மேல்பக்கம்தான் காஞ்சனபுரி. சினிமாவில் வந்த 'குவாய் நதிப் பாலம்' உண்மையில் மே கிளாங் மீதுதான் கட்டப்பட்டது. 1957இல் படம் வந்தபின் பயணிகள் குவாயைத் தேடினார்கள். 1960களில் ஆற்றின் அந்தப் பகுதிக்கே பெயரை மாற்றிவிட்டார்கள்.

சயாம்–பர்மா ரயில் பாதை, 415 கி.மீ. 1942–43இல் ஜப்பான் ராணுவம் போட்டது. போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர். இறந்தது 12,000க்கு மேல். படம் இவர்களைப் பற்றியது. படத்தில் இடம்பெறாத ஆசியக் கூலிகளில் ஏறத்தாழ 90,000 பேர் மாண்டார்கள் என்று மதிப்பீடு. அவர்களில் மலாயா ரப்பர் தோட்டத் தமிழர் ஏராளம். கங்காணிகள் சேலம், திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கமிருந்து கப்பலேற்றிய குடும்பங்கள். முதலில் தினம் ஒரு டாலர் என்று ஆசை காட்டினார்கள். பிறகு பிடித்தே கொண்டுபோனார்கள். 1943 மழைக்காலத்தில் காலரா வந்தது. கைதிகளுடன் அவர்களுடைய ராணுவ மருத்துவர்களாவது இருந்தார்கள். கூலிகளுக்கு அதுவும் இல்லை.

காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 கற்கள், வரிசை வரிசையாக. நம்மவர்களுக்கு முழுமையான பெயர்ப் பட்டியல்கூடக் கிடையாது.

உங்கள் வீட்டிலிருந்து மலாயா போய், 'சயாம் ரயிலுக்கு'ப் போனவர் யாராவது இருந்தால் அவர் பெயரையும் ஊரையும் கீழே எழுதுங்கள்.