ஒன்பது குழந்தைகள்

இந்த எபிசோடு ஒரு எண்ணைப் பத்தி. எண் 9.

விக்டர் லாட்டர்னு ஓர் ஆராய்ச்சியாளர். இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் பகுதியில் 8 முதல் 10 வயதுக் குழந்தைகளை எல்லாம் சலிச்சுப் பார்த்து, 10,000 பேருக்கு 4.5 பேருக்கு ஆட்டிசம் இருக்குன்னு 1966-ல் வெளியிட்டார். ஆட்டிசத்துக்கு அப்படி எடுத்த முதல் கணக்கு அதுதான். அதே மனுஷன் 1970களில் ஆப்பிரிக்கா போனார். கானா, நைஜீரியா, கென்யா உட்பட பல நாடுகள். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான நிலையங்களில் 1,300-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பார்த்தார். ஆட்டிசம்னு அவர் உறுதியா சொன்னது 9 பேரை மட்டும். 1978-ல் கட்டுரை வந்தது.

இந்த 9 அதுக்கப்புறம் என்ன பாடுபட்டதுங்கறதுதான் கதை. 1984-ல் விக்டர் சனுவா (இவரும் விக்டர், குழம்பிடாதீங்க) ஆட்டிசம் மேற்கத்திய நாகரிகத்தோட நோயா இருக்கலாம்னு எழுதினார். அதாவது, ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு அது வராது. 'இங்க அது கிடையாது'ன்னு ஆயிட்டா அதுக்கு ஒரு டாக்டருக்கும் பயிற்சி தர வேண்டாம், ஒரு வார்டும் திறக்க வேண்டாம். பேசாத பிள்ளையைத் தூக்கிட்டு வர்ற அம்மாவுக்கு 'புத்தி மட்டு'ன்னு எழுதிக் கொடுத்து அனுப்பிடலாம்.

லாட்டர் மேல எனக்குக் கோபம் இல்லை. இந்த ஒப்பீட்டில் எவ்வளவு சிக்கல் இருக்குன்னு 1980-ல் அவரே தனியா ஒரு கட்டுரை எழுதினார். மிடில்செக்ஸில் அவர் தேடினது ஊர் முழுக்க. ஆப்பிரிக்காவில் தேடினது நிலையங்களுக்குள்ள. அந்தக் கதவு வரைக்கும் வந்து சேரணும்னா நகரம் பக்கத்துல இருக்கணும், காசு இருக்கணும், முக்கியமா இது ஆஸ்பத்திரி விஷயம்னு வீட்டுல தோணணும். ஆரம்ப கால ஆய்வுகளில் வசதியான வீட்டுப் பிள்ளைகளே அதிகம் தென்பட்டதுக்கும் இதுதான் காரணம்னு நினைக்கிறேன். சர்வர்ல லாக்கே எழுதாம 'எரர் எதுவும் வரலையே'ன்னு சொல்ற கதைதான்.

வீட்டுல வேற எப்படித் தோணும்? அதுக்கு செனகல் போகணும். தலைநகர் டக்காரில் ஃபான் மருத்துவமனை. ஆன்ரி கொலோம்ப் என்ற பிரெஞ்சு மனநல மருத்துவர் அங்க பரம்பரை வைத்தியர்களையும் கூட வச்சுக்கிட்டு வேலை பார்த்தார். அந்த வட்டத்திலிருந்து 1965-ல், அதாவது லாட்டர் கட்டுரைக்கு 13 வருஷம் முன்னாடி, ஆந்திராஸ் ஸெம்ப்ளேனியும் ஜாக்லின் ரபேனும் ஒரு கட்டுரை எழுதினாங்க. வோலோஃப், லெபு மக்கள் சில குழந்தைகளை 'நித் கு போன்'னு சொல்வாங்க. நேர் அர்த்தம் 'கெட்ட ஆள்'. ஆனா குழந்தையைத் திட்டுற வார்த்தை இல்லை. அழகான, ஒதுங்கியே இருக்கிற, கண்ணைப் பார்க்காம தலை குனிஞ்சுக்கிற குழந்தை. ஒரு மூதாதையரோ ஆவியோ திரும்பி வந்திருக்குன்னு நம்பினாங்க. மனசு நொந்தா வந்த வழியே போயிடும்னு பயம். அதனால அதட்ட மாட்டாங்க, பக்குவமா நடத்துவாங்க.

நித் கு போன்தான் ஆட்டிசம்னு நான் சொல்லலை. அந்தப் பெயருக்குள்ள பல விதமான குழந்தைகள் இருந்திருக்கலாம். ஆனா வித்தியாசத்தைக் கவனிச்சிருக்காங்க, என்ன செய்யணும்னு ஒரு வழியும் வச்சிருந்தாங்க. அந்த வழி மனவளர்ச்சி நிலையத்துக்குப் போகலை, அவ்வளவுதான்.

கடைசியா உகாண்டா. குழந்தைகள் நரம்பியல் மருத்துவர் ஏஞ்சலினா ககூசா-ம்வேசிகே குழு, குறைபாடுகளைக் கண்டுபிடிக்க ஏற்கெனவே இருந்த 10 கேள்விகளோட ஆட்டிசத்துக்குன்னு 13 கேள்விகளைச் சேர்த்தது. கம்பாலா சுற்றுவட்டாரத்தில், நிலையங்களில் இல்லாம சாதாரணக் குடும்பங்களில், 2 முதல் 9 வயதுள்ள 1,169 குழந்தைகளைப் பார்த்தாங்க. ஆட்டிசம் இருந்தது 8 பேருக்கு. 2014-ல் வெளிவந்தது.

கால்குலேட்டர் எடுங்க. 1,300-க்கு 9, 1,169-க்கு 8. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே விகிதம். ஆட்டிசத்தோட வரையறை நடுவுல விரிஞ்சிருக்கு, அதையும் கணக்குல எடுத்துக்கணும். ஆனாலும் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளை மட்டும் வச்சிருந்த இடங்களில் கிடைச்ச அதே அளவு, சாதாரணத் தெருக்களிலேயே இருந்திருக்கு.