'அலவ்' கொடுத்தீங்களா? பழைய கம்ப்யூட்டரின் பாப்-அப் தொல்லையை நிறுத்த வழி!

மேட்டூர் நீர்மட்டம் பார்க்கவும் பட்டா, சிட்டா எடுக்கவும் தஞ்சாவூர்ப் பக்கம் பல வீடுகளில் இன்னும் பழைய கம்ப்யூட்டர்தான். சில வீடுகளில் பிள்ளைக்கு அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப். திறந்ததுமே மூலையில் 'உங்கள் கணினியில் 5 வைரஸ்' என்று ஒரு பெட்டி குதிக்கிறதா?

பெரும்பாலும் அது வைரஸே இல்லை. 'சிட்டா' என்று தேடியபோது ஏதோ ஒரு தளம் 'நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா?' எனக் கேட்டிருக்கும்; அவசரத்தில் 'அலவ்' கொடுத்திருப்பீர்கள். அந்த அனுமதியைப் பறித்தால் போதும். குரோமில் மூன்று புள்ளிகளைத் தொட்டு செட்டிங்ஸ், 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'சைட் செட்டிங்ஸ்', 'நோட்டிஃபிகேஷன்ஸ்' என்று போங்கள். அனுமதி பெற்ற பட்டியலில் பேர் தெரியாத தளங்களுக்கெல்லாம் 'பிளாக்' கொடுங்கள். 'ரிமூவ்' கொடுத்தால் மறுபடி வந்து கேட்கும்.

திரை முழுக்க சிவப்பாகி, சைரன் அலறி, 'மைக்ரோசாஃப்ட்டுக்கு உடனே போன் செய்யுங்கள்' என்று நம்பர் வந்தால்தான் ஆபத்து. மைக்ரோசாஃப்ட்டின் நிஜ எச்சரிக்கையில் போன் நம்பரே இருக்காது. கூப்பிட்டால், 'எனிடெஸ்க் போடுங்க சார்' என்பார்கள். போட்டால் நெல் பணம் ஏறிய அக்கவுன்ட் அவர்கள் கண்முன்னால்! கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் குரோமை மூடுங்கள். திறக்கும்போது 'ரீஸ்டோர்' கேட்டால் தொடாதீர்கள்.

விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு 2023 ஜனவரியில் வந்த குரோம் 109தான் கடைசி. பேங்க் வேலையை அதில் செய்யவே வேண்டாம்.

ஏற்கெனவே எனிடெஸ்க் போட்டுவிட்டீர்களா? முதலில் நெட்டைப் பிடுங்குங்கள். பணம் போயிருந்தால் வெட்கப்படாமல் உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பிருக்கிறது.