கிடைக்காட்டு உண்ணி

பச்சைமலையின் கீழ்ச்சரிவிலே தொடங்கிக் கொள்ளிடத்தின் வடகரை வரையில் விரிந்து கிடக்கும் பெரம்பலூர், அரியலூர்ப் பிரதேசம், பழைய திருச்சிராப்பள்ளி ஜில்லாவிலிருந்து 1995-இல் பிரிந்து, பின்னர் 2007-இல் தனக்குள்ளேயும் இரண்டாகப் பிரிந்துவிட்டபோதிலும், ஆட்டுக்காரன் கணக்கில் அது இன்றும் ஒரே காடுதான். மேற்கே வெடித்துக் கிடக்கும் கரிசல், கிழக்கே உடையார்பாளையத்துச் செம்மண்ணும் முந்திரித் தோப்பும், இடையிடையே ஓடைகளும் சுண்ணாம்புக்கல் மேடுகளும் என்று அமைந்த இந்த மேட்டுநிலத்தை உலகம் அறிந்திருப்பது பெரும்பாலும் கல்லாய்ச் சமைந்த பிராணிகளின் பொருட்டே. பிளான்ஃபோர்டு என்ற ஆங்கில நிலவியலார் இதன் பாறைகளை ஆராய்ந்து 1862-இல் எழுதிய நாள் முதலாக, சாத்தனூர்க் கல்மரத்தையும் கடற்சிப்பிகளையும் காண வந்தவர்களுக்குக் குறைவில்லை. அவ்விதம் வந்தவர்களின் காலிலும் ஏறிக் கடித்திருக்கக்கூடிய ஓர் அற்ப ஜந்துவைப்பற்றி யாரும் விசேஷமாக எழுதியதாகத் தெரியவில்லை. அந்த ஜந்துவோ பழமையில் கல்மரத்துக்கு இளைத்ததன்று. பர்மாவில் கிடைத்த, சுமார் 9.9 கோடி ஆண்டுப் பழமையுள்ள அம்பர்க் கட்டி ஒன்றில், டைனோசரின் இறகில் சிக்கியபடியே உண்ணி ஒன்று உறைந்து கிடப்பதை 2017-இல் விஞ்ஞானிகள் கண்டு எழுதினார்கள். அரியலூர் கடலடியில் கிடந்த யுகத்திலேயே, கரையில் உண்ணி தன் தொழிலைத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

இங்கே அதற்கு வாய்த்த பெரிய விருந்து செம்மறியாடு. திருச்சிக் கருங்குறும்பை என்று வழங்கும் ஆட்டினம் உடல் சிறுத்து, முழுவதும் கறுத்து, முரட்டு மயிர் போர்த்தது. அந்த மயிரைக் கத்தரித்து நூற்றுக் கம்பளி நெய்வது மந்தைக்காரக் குடும்பங்களின் ஜீவனோபாயமாக இருந்தது. ஆனால் சம்சாரிக்கு ஆட்டின் மயிரைக்காட்டிலும் அதன் புழுக்கையே பெரிது. அறுவடை முடிந்து நிலம் காலியாகும் தை, மாசி முதற்கொண்டு அடுத்த உழவு வரையில், ஆடுகளை இரவு முழுவதும் வயலில் அடைத்துவைத்து, ஓர் இடம் நிறைந்ததும் அடுத்த இடத்துக்கு மாற்றி, நிலம் முழுவதையும் எருவாலும் மூத்திரத்தாலும் பதப்படுத்துவதைக் கிடை மறித்தல் என்பார்கள். கூலி தானியமாகவோ ரொக்கமாகவோ பேசப்படும். உள்ளூர் மந்தைகளோடு, இராமநாதபுரச் சீமையிலிருந்து காவிரிப் படுகைக்கு வரும் கீதாரிகளின் மந்தைகளில் சிலவும் கொள்ளிடத்தைத் தாண்டி இப்பக்கம் வருவதுண்டு. குட்டிகளைக் கவிழ்த்து மூடும் கூடாப்பும், கருவேலங்காயை உலுக்கும் தொரட்டியும், ஒரு சோற்றுப்பானையுமே அவர்களுடைய சகல ஆஸ்தியும்.

எருவின் நிமித்தமாகவே ஏற்பட்ட இந்தச் சம்பிரதாயம், யாரும் நினையாமலே உண்ணிக்கும் ஒரு தண்டனையாக அமைந்தது என்பது என் அபிப்பிராயம். பெண் உண்ணி ஆட்டின்மேல் பல நாள் ஒட்டியிருந்து, வயிறு புடைக்க இரத்தம் குடித்து, பிறகு உதிர்ந்து, மண்வெடிப்பிலும் சருகுக்கடியிலும் ஆயிரக்கணக்கான முட்டைகளை இட்டுவிட்டுச் செத்துப்போகிறது. பொரிந்து வெளிவரும் குஞ்சுகள் ஆறு கால்களோடு புல்நுனியில் ஏறி, ஏதேனும் ஒரு மிருகம் உரசிச் செல்லாதா என்று காத்திருக்கின்றன. பெரும்பாலான இனங்களில் எட்டுக்கால் பருவம் வந்த பின்னும் இரண்டு முறை இதே காத்திருப்பு. மந்தை ஓரிடத்திலேயே தங்கினால் காத்திருப்பது சுலபம். இன்று இந்த வயலிலும் நாளை அடுத்த வயலிலுமாக நகர்ந்துகொண்டே போனால், பின்னே விட்டுச்சென்ற முட்டைகள் பொரியும்போது ஆடு அங்கே இராது, கோடை வெயிலும் கலப்பையும்தான் இருக்கும். அலையும் மந்தை ஓரூர் உண்ணியை இன்னோர் ஊருக்குச் சுமந்து போனதும் உண்மையே. எனினும், கொட்டிலின் சுவர் இடுக்கில் தலைமுறை தலைமுறையாகக் குடியேறும் உண்ணிக்கு முன் இது சிறு தீங்கு.

மந்தைக்காரனின் வைத்தியத்தில் முதலாவது கைவைத்தியம்தான். பொழுது சாயும் வேளையில் ஒவ்வொரு ஆடாகப் பிடித்து, காதின் உட்புறம், தொடையிடுக்கு, வாலடி, குளம்பின் பிளவு என்று விரலாலேயே தடவி, ஒட்டியிருப்பதைக் கிள்ளி எடுத்து நெருப்பிலிடுவார்கள். இருட்டிலும் விரல் தவறாது. பகலில் மாட்டின் முதுகிலும் காலடியிலும் சுற்றும் உண்ணிக்கொக்கும் மைனாவும் ஓரளவு அந்த வேலையைச் செய்தன. மிஞ்சியதற்கு வேப்பெண்ணெய், புங்கெண்ணெய், புகையிலை ஊறிய நீர், அரைத்த வசம்பு, சீத்தாப்பழ விதையின் விழுது ஆகியவை உண்டு. இந்தக் கடைசிச் சரக்கு கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு என்பதால் அதை அரைப்பவள் முகத்தைத் திருப்பிக்கொண்டே அரைப்பாள். சுதந்திரத்துக்குப் பின் பி.எச்.சி. பொடி வந்தது. வெறுங்கையால் அள்ளி ஆட்டின்மேல் தேய்த்த அந்த விஷத்தை அரசாங்கம் 1997-இல் தடுத்தது; அதன் இடத்துக்கு சைப்பர்மெத்ரின், டெல்டாமெத்ரின் என்ற பெயர்களில் புட்டிகள் வந்தன. விசித்திரம் என்னவென்றால், இப்போது கால்நடைப் பல்கலைக்கழகத்தாரே வசம்பையும் வேம்பையும் பூண்டையும் அரைத்துப் பூசும்படி சம்சாரிக்குச் சொல்கிறார்கள். சொல்லக் கேட்ட கிழவர்கள் சிரித்திருப்பார்கள்.

இவ்வளவு சாஸ்திரமும் ஆட்டுக்கும் மாட்டுக்குமாகவே வளர்ந்தது. மனிதனை உண்ணி கடித்தால், பிய்த்து எறிந்துவிட்டு, தடித்த இடத்தில் சுண்ணாம்பைத் தடவுவதோடு காரியம் முடிந்தது. சிலர் பீடி நெருப்பால் சுடுவார்கள். கடித்து ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழித்து வரும் காய்ச்சலுக்கும் அந்தக் கடிக்கும் சம்பந்தம் உண்டென்று நினைக்க ஒருவருக்கும் முகாந்திரம் இல்லை. அதை விஷக்காய்ச்சல் என்றார்கள், காற்றுச் சேஷ்டை என்றார்கள், கோடாங்கியையும் கூப்பிட்டார்கள். இதற்காக இவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பூச்சி கடித்து வியாதி பரவும் என்பதையே மேல்நாட்டார் கண்டுகொண்டது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான். அமெரிக்காவில் தியோபால்டு ஸ்மித் முதலானோர், மாடுகளைக் கொன்ற டெக்ஸாஸ் காய்ச்சல் உண்ணியினால் பரவுவதை 1893-இல் நிலைநாட்டினார்கள். இந்தியாவில் உண்ணிகளால் டைபஸ் போன்ற ஒரு காய்ச்சல் பரவக்கூடும் என்று, மீகா என்ற இராணுவ வைத்தியர், குமாவோன் மலைப்பக்கத்து அனுபவத்தைக் கொண்டு 1921-இல் எழுதினார்.

நம் ஜில்லாவுக்கு இந்தக் கதையில் உள்ள பந்தம் கடல் கடந்து வருகிறது. மலேயாவின் ரப்பர், எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்கு கங்காணிகள் ஆள் சேர்த்த ஜில்லாக்களில் திருச்சிராப்பள்ளி முக்கியமான ஒன்று. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய கூட்டத்தில் இந்த வானம்பார்த்த பூமியின் ஜனங்களும் இருந்தார்கள். 1938-இல் இந்திய அரசாங்கம் அந்த ஆள்சேர்ப்பைத் தடுத்தது. அங்கே 1920-களில் ஃப்ளெட்சர், லெஸ்லர் என்ற இரு வைத்தியர்கள், டைபஸ் காய்ச்சல் இரண்டு விதமாக வருவதைக் கவனித்தார்கள்: ஒன்று பட்டணத்துக் கடைகளிலும் வீடுகளிலும் வருவது, மற்றொன்று லாலாங் புல்லும் புதரும் மண்டிய வெளியில் வேலை செய்வோருக்கு வருவது. கிங்ஸ்பரி என்பவர் இங்கிலாந்திலிருந்து கோலாலம்பூருக்குக் கொண்டுவந்த ஒரு கிருமிவகை, இரண்டாம் வகைக் காய்ச்சல்காரரின் இரத்தத்தோடு மட்டும் கலந்து திரண்டதே அவர்களுக்கு அடையாளமாயிற்று. அந்தப் பரீட்சை இன்றும் சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளில் நடக்கிறது. அந்த இரண்டாம் வகையான புதர்க்காய்ச்சலுக்கு முதல் மருந்தும் அங்கேயே நிரூபணமாயிற்று. 1948-இல் கோலாலம்பூரில் ஸ்மேடல் என்ற அமெரிக்கரின் குழு, குளோராம்பெனிக்கால் கொடுத்தால் நோயாளி பிழைப்பதைக் காட்டியது. புதரை வெட்டிய கைகளில் தமிழ்க் கைகள் ஏராளம். அங்கே கற்ற பாடம் ஊருக்குத் திரும்பி வந்தவர்களோடு கப்பலேறி வரவில்லை.

உள்நாட்டில் உண்ணி பெருஞ்செய்தியானது 1957-இல். மைசூர் ராஜ்யத்து ஷிமோகா ஜில்லாவில் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் செத்து விழ, பக்கத்துக் கிராமத்தாரும் காய்ச்சலில் மடிந்தார்கள். புனே வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார் சென்று, காட்டு உண்ணி ஒன்று சுமக்கும் புதிய வைரஸ் அதற்குக் காரணம் என்று கண்டார்கள். காட்டை வெட்டி வயலாக்கி, ஓரத்தில் மாட்டை மேய்த்ததால் உண்ணிக்கு இரத்தம் தாராளமாகக் கிடைத்தது என்பது அதில் கவனிக்கத்தக்க விஷயம். அந்த வியாதி பிற்காலத்தில் நீலகிரி எல்லை வரையில் வந்தது. மழைக்காடு இல்லாத நம் மேட்டுநிலத்துக்கு அதைக் குறித்து அச்சம் வேண்டியதில்லை.

இப்பக்கத்தில் அஞ்சத்தக்கது வேறொன்று. பத்திரிகைகளும் சுகாதார இலாகாவும் உண்ணிக் காய்ச்சல் என்று சொல்வது மலேயாவில் பார்த்த அதே புதர்க்காய்ச்சலைத்தான். அதைப் பரப்புவது ஆட்டு உண்ணியன்று. உண்ணிக்கு உறவான, அதனினும் மிகச் சிறிய ஒரு சிவந்த பூச்சியின் குஞ்சு, எலியின்மேல் வாழ்வது, கண்ணுக்கு எளிதில் புலப்படாதது. கடி வலிப்பதில்லை. ஐப்பசி மழைக்குப் பின் புல் தழைத்து, பனி விழும் மாதங்களில் காய்ச்சல் மிகும். சீமைக்கருவேல் அடர்ந்த ஏரிக்கரையும், சுண்ணாம்புக்கல் வெட்டிய பின் புதர் மூடிக் கிடக்கும் குழியும், மக்காச்சோளக் கொல்லையின் வரப்பும் எலிக்கும் அப்பூச்சிக்கும் உகந்த வாசஸ்தலங்கள். கடித்த இடம் சுருட்டு நெருப்புச் சுட்டதுபோல் கறுத்துப் பொருக்காகும். பல நோயாளிகளிடம் அது காணப்படும், சிலரிடம் காணப்படாமலும் போகும். அது பெரும்பாலும் அக்குளிலும் இடுப்பிலும் தொடையிடுக்கிலும் மறைந்திருப்பதால், மந்தையில் ஒவ்வொரு ஆட்டுக்கும் அதே இடங்களைத் தடவிப் பார்க்கும் மனிதர், தம் உடம்பில் அவ்விடங்களைப் பார்ப்பதில்லை. வைத்தியர் கேட்டாலும் காட்டக் கூசுகிறார். தாமதித்தால் நுரையீரலையும் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும் இந்த வியாதிக்கு, ஆரம்பத்தில் டாக்சிசைக்ளின் என்ற மலிவான மாத்திரையே போதும். முற்றிய நிலையில் அதனோடு அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியே செலுத்துவது மேல் என்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினரின் தலைமையில் நடந்த ஆராய்ச்சி 2023-இல் காட்டியது.

ஆட்டு உண்ணியோ நாய் உண்ணியோ ஒட்டியிருந்தால் அதைச் சுடுவதும் எண்ணெய் விட்டுத் திணறடிப்பதும் தவறு. துன்புற்ற உண்ணி தன் வயிற்றில் உள்ளதைக் கடிவாயிலேயே கக்கிவிடும். தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து, முறுக்காமல் நேராக இழுத்து, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கொல்லைக்காட்டிலிருந்து திரும்பினால் உடுத்தியதை வெந்நீரில் போட்டுத் தேய்த்துக் குளிப்பது எந்தப் பூச்சிக்கும் பொதுவான காப்பு. அதன் பிறகு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால், ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும்போதே, இன்ன காட்டில் கிடை மறித்தேன், இன்ன ஏரிக்கரையில் முள் வெட்டினேன் என்று சொல்லிவிட வேண்டும். கேட்டால் சொல்லலாம் என்று இருந்துவிட்டால், கூட்டம் மிகுந்த நாளில் யாரும் கேட்கமாட்டார்கள்.