பழைய பந்தயக் காரும் புதிய உறுப்புகளும்

தமிழகத்தை விட்டு வடக்கே வந்து குடியேறிய நம் குடும்பங்கள் பலவற்றில், காப்பிக்கொட்டை அரைக்கும் பழைய கை இயந்திரம் ஒன்று இருக்கக் காணலாம். அதன் பற்கள் தேய்ந்துவிட்டால் மாற்று கிடைப்பதில்லை. தேய்ந்த உறுப்பையே மாதிரியாகக் கொடுத்து, அருகிலுள்ள பட்டறையில் புதியது செய்விக்கிறோம். ஆயினும் பொடி பழைய பதத்தில் விழுவதில்லை. பட்டறைக்காரர் உறுப்போடு அதன் தேய்மானத்தையும் பிரதி எடுத்துவிட்டதே காரணம். வீட்டில் நேரும் இச் சிறு தொல்லை, உலகப் புகழ் பெற்ற பந்தயக் கார் ஒன்றின் சரித்திரத்தில் பெரிய பிரச்சினையாக உருவெடுத்தது. அதுவே இன்றைய பேச்சின் பொருள்.

இத்தாலியில் பிறந்த ஏட்டோரே புகாட்டி, அல்ஸாஸ் மாநிலத்து மோல்ஸைம் என்னும் சிற்றூரில் 1909ஆம் ஆண்டில் கார்த் தொழிற்சாலை நிறுவினார். அவருடைய 35ஆம் மாதிரிப் பந்தயக் கார் 1924 ஆகஸ்டு 3ஆம் தேதி, பிரான்ஸின் லியோன் நகருக்கருகே முதன்முறையாகப் பந்தயத்தில் இறங்கியது. அன்று டயர்கள் தொல்லை தந்தமையால் வெற்றி கிட்டவில்லை. ஆயினும் சிசிலித் தீவின் டார்கா புளோரியோ பந்தயத்தை 1925 முதல் 1929 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து புகாட்டி கார்களே வென்றன. 1929இல் நடந்த முதல் மோனாகோ பந்தயத்திலும் இம் மாதிரியைச் சேர்ந்த வண்டியே வாகை சூடியது.

பின்னர் வந்தது வீழ்ச்சி. 1939இல் புதல்வர் ஜீன் புகாட்டி காரோட்டிச் சோதிக்கையில் விபத்தில் மாண்டார். யுத்த காலத்தில் தொழிற்சாலை ஜெர்மானியர் கைக்கு மாறியது. 1947இல் ஏட்டோரே புகாட்டியும் காலமானார். 1963இல் நிறுவனம் வேறொரு கம்பெனியின் வசமாயிற்று. வண்டிகள் எஞ்சின, அவற்றுக்கு உறுப்பு செய்து தருவார் இலர்.

இக் குறையை நீக்க முன்வந்தவர்கள் வண்டிகளின் சொந்தக்காரர்களே. இங்கிலாந்தில் 1929இலேயே புகாட்டி உரிமையாளர் சங்கம் தோன்றியிருந்தது. விமான இயந்திரத் துறையில் பணியாற்றிய ஹியூ கான்வே என்னும் பொறியியலறிஞர், வண்டிகளின் வரிசை எண்களையும் வரலாற்றையும் திரட்டி நூல்கள் எழுதினார். 1987இல் பிரெஸ்காட் என்னுமிடத்தில் புகாட்டி அறக்கட்டளை நிறுவப்பட்டபோது முன்னின்றவரும் அவரே. தொழிற்சாலையின் வரைபடங்களும் புகைப்படங்களும் குறிப்புகளும் அங்கே பாதுகாக்கப்படுகின்றன.

வரைபடத்துக்கு ஏன் இத்துணை மதிப்பு? இவ் வண்டியின் சக்கரம் அலுமினியத்தால் வார்க்கப்பட்டது. பிரேக் டிரம்மும் அதனோடு ஒன்றாய் அமைந்தது. உருகிய அலுமினியம் ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் சுருங்கும். ஆகவே பழைய சக்கரத்தையே அச்சாக வைத்து வார்த்தால் புதியது சிறுத்துவிடும். எட்டு ஸிலிண்டர் எஞ்சினின் கிராங்க் தண்டோ பல துண்டுகளைப் பொருத்திச் செய்யப்பட்டது. உருளை பேரிங்குகளின் மேல் சுழல்வது. தேய்ந்த தண்டை அளந்து அதன் ஆதி அளவை அறிதல் அரிது. வரைபடம் ஒன்றே தேயாத அளவைச் சொல்லும்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இங்கே ஒரு செய்தி சுவையாகப் படுகிறது. இரு உறுப்புகளுக்கு இடையே விடவேண்டிய மிக நுண்ணிய இடைவெளியைப் பிரெஞ்சுக்காரர் 'ழ்யூ' என்பர். விளையாட்டு என்பதும் அச் சொல்லின் பொருளே. அகராதியை மட்டும் நம்பியவர் இங்கே இடறுவார். நம் பட்டறைக்காரரோ, அச்சு தளர்ந்தால் 'ஆட்டம் இருக்கிறது' என்பார். ஆட்டம் என்பதும் விளையாட்டே. தொழில் தெரிந்தவருக்கே கையேடு முழுமையாகப் பேசும்.

இனி ஒரு சங்கடமான கேள்வி. உறுப்பு ஒவ்வொன்றாய் மாறிய பின், அது அதே வண்டிதானா? அர்ஜெண்டினாவின் பரானா நகரில் ஒரு பட்டறையார் இம் மாதிரியை முழுவதுமே புதிதாகச் செய்து காட்டியபின், இக் கேள்வி கூர்மையுற்றது. வேறொரு காரின் விஷயத்தில் இது நீதிமன்றத்துக்கே சென்றது. 1929, 1930 ஆகிய ஈராண்டுகளிலும் லே மான் 24 மணிப் பந்தயத்தை வென்ற பென்ட்லி கார் அது. 1932இல் விபத்துக்குள்ளாகித் திருத்தியமைக்கப்பட்டது. 1929ஆம் ஆண்டின் உறுப்புகள் அதில் மிகச் சிலவே என்று வாங்கவிருந்தவர் மறுத்தார். 1990இல் லண்டன் உயர் நீதிமன்றம், அவ் வண்டியின் வாழ்க்கைத் தொடர்ச்சி எங்கும் அறுபடவில்லை. ஆகவே பழைய பெயருக்கு அது உரியதே எனத் தீர்ப்பளித்தது.

அத் தொடர்ச்சிக்குச் சாட்சி கூறுபவை ஏடுகளே. எந்த உறுப்பு, எந்த ஆண்டில், யாரால் மாற்றப்பட்டது என எழுதி வைத்தவருடைய வண்டி சந்தேகத்துக்கு இடமின்றி நிற்கிறது. எழுதாது விட்டவருடையது, அசல் உறுப்புகள் மிகுந்திருந்தும் ஐயத்துக்கு உள்ளாகிறது. புதிய உறுப்பைச் சேர்ப்பது குற்றமாகாது. அதை மறைப்பதே குற்றம். பழம்பொருள் எதுவாயினும், அதைப் பழுது பார்க்கும் நாளில் இரண்டு வரி எழுதி உடன் வைப்பது, நமக்குப் பின் அதைக் கையாளுவோர்க்கு நாம் செய்யும் உதவியாகும்.