கொய்யா விதையும் குழாய்த் தண்ணீரும்

கொய்யாவை விதையோடு விழுங்காதே, குடல்வாலில் போய் அடைத்துக்கொள்ளும். சாப்பிட்ட கையோடு ஓடாதே, அப்பெண்டிக்ஸ் வந்துவிடும். மலேசியத் தமிழ் வீடுகளில் இந்த இரண்டு அதட்டலையும் கேட்காமல் வளர்ந்த பிள்ளைகள் குறைவு. மலாய்க்காரர் வீடுகளிலும் இதே பேச்சு உண்டு. மிளகாய் விதை, தக்காளி விதை என்று பட்டியல் ஊருக்கு ஊர் நீளும். கேமரன் மலையின் வடக்கே, திரிங்காப்புக்கும் கம்போங் ராஜாவுக்கும் இடையில் இருக்கும் கோலா தெர்லாவில் தேயிலையும் காய்கறியும் அடுத்தடுத்த சரிவுகளில் விளைகின்றன. அங்கே ஒரு பதினாலு வயதுப் பையனுக்கு வலப்பக்க அடிவயிறு வலித்தால் முதலில் எழும் கேள்வியும் ‘என்னத்தைத் தின்னே?’ என்பதுதான். அக்கறையில் கேட்கும் கேள்வி அது. ஆனால் வலிக்குப் பொறுப்பு பிள்ளையின் வாயும் காலும்தான் என்ற தீர்ப்பும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. தோட்டத்தின் வரலாற்றையும் குடல்வால் அழற்சி என்ற இந்த நோயின் வரலாற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் அந்தத் தீர்ப்பு நிற்காது. பிறந்தது முதல் அந்தப் பிள்ளை குடித்த தண்ணீரிலும் உண்ட சோற்றிலும் கண்ட காய்ச்சல்களிலும்தான் காரணத்தைத் தேட வேண்டும்.

விதைக் கதையைப் படிக்காதவர்களின் நம்பிக்கை என்று ஒதுக்குவது நியாயமில்லை. அதற்கு வேர் மருத்துவத்திலேயே இருக்கிறது. 1735-ல் லண்டனில் கிளாடியஸ் ஆம்யண்ட் என்ற அறுவை மருத்துவர் பதினோரு வயதுப் பையன் ஒருவனின் குடலிறக்கத்தைத் திறந்தபோது உள்ளே குடல்வால் இருந்தது. அதை ஒரு குண்டூசி துளைத்திருந்தது. குடல்வாலை வெட்டியெடுத்ததாகப் பதிவான முதல் அறுவை அதுதான். நோய்க்கு ‘அப்பெண்டிசைடிஸ்’ என்று பெயர் வைத்து, வலப்பக்க வயிற்றுச் சீழ்க்கட்டுகளின் பிறப்பிடம் அந்தச் சின்ன வால்தான் என்று 1886-ல் நிறுவியவர் போஸ்டன் மருத்துவர் ரெஜினால்ட் ஃபிட்ஸ். சுண்டுவிரல் நீளமும் ஒரு குச்சியை நுழைக்கும் அளவே துவாரமும் கொண்ட, ஒரு முனை மூடிய பை. ஏதோ உள்ளே போய் அடைக்கிறது என்று நினைக்க அந்த உருவமே தூண்டும். ஆனால் எண்ணிப் பார்த்தவர்கள் வேறு கண்டார்கள். குடல்வால் அகற்றப்பட்ட 1,969 பேரின் பதிவுகளை ஆராய்ந்து துருக்கிய மருத்துவர்கள் 2011-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பழ விதை இருந்தது ஒருவரிடம் மட்டும். செரிக்காத தாவர மிச்சம் இருந்தது ஏழு பேரிடம். கொய்யாவுக்கு எதிரான வழக்கை இந்த ஒரு கணக்கே தள்ளுபடி செய்துவிடும்.

பிறகு ஏன் இளம் வயதில்? அமெரிக்காவில் 1990-ல் வெளியான கணக்கின்படி வாழ்நாளில் ஆண்களில் 8.6 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 6.7 விழுக்காட்டினருக்கும் இந்நோய் வரலாம். மிகுதியாக வருவது 10 முதல் 19 வயதுக்குள். குடல்வாலின் சுவரில் தொண்டையில் இருப்பதைப் போன்ற நிணத்திசு உண்டு. பிள்ளைப் பருவத்தில் திரண்டு, விடலைப் பருவத்தில் உச்சத்தைத் தொட்டு, வயது ஏற ஏற அது வற்றிவிடும். ஒரு வைரஸ் காய்ச்சலில் தொண்டைச் சதை வீங்குவதைப் போல இதுவும் வீங்கும். வீங்கினால் குறுகிய துவாரம் அடைபடும். உள்ளே நீர் தேங்கி அழுத்தம் ஏறும். இரத்த ஓட்டம் தடைப்படும். கிருமி சுவரைத் தின்னும். சிலருக்கு அடைப்பது இறுகிய மலக்கல். கீரிப்பூச்சியும் அங்கே காணப்படுகிறது. ஆனால் மலக்கல்லும் கீரிப்பூச்சியும் நோயில்லாத குடல்வாலிலும் கிடக்கின்றன. அழற்சி கண்ட எல்லாக் குடல்வாலிலும் அடைப்பு தென்படுவதுமில்லை. ஆகவே அடைத்த பொருளைத் தேடுவதோடு நிறுத்த முடியாது. அந்த வயதில் அந்தத் திசு ஏன் அப்படிக் கொந்தளிக்கிறது, முன்பு குறைவாக இருந்த நோய் ஏன் பெருகியது என்று கேட்க வேண்டும்.

சோற்றுப் பானையில் நோயின் காரணத்தைத் தேடும் வித்தையை மருத்துவ உலகம் கற்ற இடங்களில் மலாயாவும் ஒன்று. ஈயச் சுரங்கங்களில் தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் மடிந்தபோது, புழுங்கலரிசி உண்ட தமிழர்களை அந்நோய் அண்டவில்லை. மருத்துவர் லெனார்ட் பிராடன் இதைக் கவனித்து எழுதினார். 1905-ல் கோலாலம்பூர் மனநோய் இல்லத்தில் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் இரண்டு அரிசியையும் தனித்தனியே கொடுத்துப் பார்த்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஃபிரேசர், ஸ்டாண்டன் என்ற மருத்துவர்கள் தீட்டும்போது கழியும் தவிட்டில்தான் காப்பு இருக்கிறது என்று காட்டினார்கள். நெல்லை அவித்துக் காயவைத்த நம் பாட்டிமார்களின் கைவேலை உயிர் காத்தது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. பின்னர் குன்னூரில் உணவு ஆய்வுக்கூடம் நடத்திய ராபர்ட் மக்காரிசன், வடமேற்கு இமயத்தின் ஹன்சா மக்களிடையே பணியாற்றிய ஆண்டுகளில் ஒரு குடல்வால் அழற்சியைக்கூடப் பார்க்கவில்லை என்று எழுதினார். 1971-ல் டெனிஸ் பர்கிட் என்ற அறுவை மருத்துவர் இந்தச் சிந்தனைக்கு முழு வடிவம் கொடுத்தார்: நார் குறைந்த, தீட்டிய உணவு மலத்தை இறுக்குகிறது, அதனால் குடல்வால் அடைபடுகிறது. தவிடு போனதும் பெரிபெரி வந்ததைப் போல, நார் போனதும் இது வந்தது என்ற கணக்கு அழகாகப் பொருந்துகிறது.

அழகாகப் பொருந்துவதாலேயே அதைத் தட்டிப் பார்க்க வேண்டும். பெரிபெரிக்கு ஒரே ஒரு சத்து பதில் சொன்னது. இங்கே அப்படி இல்லை. தென்னாப்பிரிக்க நகரங்களில் தீட்டிய சோளமாவுக்கு மாறிய கறுப்பின மக்களிடம் நார் குறைந்தும் நோய் நெடுங்காலம் ஏறவில்லை. பிரிட்டனிலோ இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏறிய நோய், மக்கள் நாரைக் கூட்டிக்கொள்ளாமலேயே பிறகு இறங்கியது. பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் டேவிட் பார்க்கர் இந்த முரணைப் பிடித்துக்கொண்டார். 1986-ல் இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் 59 பகுதிகளை அவரும் உடனிருந்தவர்களும் ஒப்பிட்டார்கள். பச்சைக் காய்கறியும் தக்காளியும் மிகுதியாக உண்ட பகுதிகளில் குடல்வால் நோய் குறைவாக இருந்தது. குடல்வாலில் வாழும் கிருமிகளின் கலவையை அவை மாற்றலாம் என்று அவர்கள் கருதினார்கள். கேமரன் மலையின் நெகிழிக் கூடாரங்களுக்குள் கயிற்றில் ஏறி நிற்கும் அதே தக்காளி, வீட்டுப் பேச்சில் குற்றவாளி, ஆய்வில் காவலாளி. முட்டைக்கோசும் தக்காளியும் லாரி லாரியாகக் கீழே இறங்கும் ஊரில், பிள்ளைகளின் பசியாறலும் இரவுச் சாப்பாடும் மெகி மீயாகச் சுருங்கினால் அது வருந்த வேண்டிய செய்தி.

பார்க்கரின் அடுத்த சான்று தண்ணீர். வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் வந்த பிறகு குடல்வால் அழற்சி கொள்ளைநோய் போல ஏறியதை 1988-ல் அவர் குழு வெளியிட்டது. விளக்கம் இது: சுத்தம் கூடும்போது குழந்தைப் பருவத்தின் குடல் தொற்றுகள் குறைகின்றன. அப்போது தொற்றுக்குப் பழகாத உடல், நிணத்திசு திரண்டிருக்கும் வயதில் ஒரு தொற்றைச் சந்தித்தால் அளவுக்கு மீறிச் சீறுகிறது. சுத்தம் மேலும் உயர்ந்து அந்தத் தொற்றுகளும் அருகும்போது நோய் மறுபடி இறங்குகிறது. இளம்பிள்ளை வாதமும் இதே வழியில்தான் சுகாதாரம் ஏறிய நாடுகளில் முதலில் கொள்ளைநோயானது. இதைத் தோட்டத்தோடு பொருத்திப் பாருங்கள். ஜே. ஏ. ரஸல் 1929-ல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்தில் மலாயாத் தோட்டங்களின் நோய்கள் மலேரியா, வயிற்றுக்கடுப்பு, கொக்கிப்புழு. கொக்கிப்புழுவையும் மலேரியாவையும் ஆராய ராக்ஃபெல்லர் நிறுவனம் 1915 முதல் 1917 வரை ஒரு குழுவையே அனுப்பியிருந்தது. தொழிலாளர் லயத்துக்குப் பொதுவாக ஒரு குழாய், வரிசையில் வாளிகள், வீட்டை ஒட்டித் திறந்த சாக்கடை. தோட்ட வீடுகளுக்குப் போதிய குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்று 1990-ன் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் கட்டாயமாக்கியது. பிரிட்டன் பல தலைமுறைகளில் கடந்த தூரத்தைத் தோட்டத்துக் குடும்பங்கள் இரண்டே தலைமுறையில் கடந்தன. 2017-ல் வந்த உலகளாவிய தொகுப்பும் இதே திசையைக் காட்டுகிறது: மேலை நாடுகளில் நோய் நிலைத்து நிற்க, புதிதாகத் தொழில்மயமான ஆசிய, தென்னமெரிக்க நாடுகளில் ஏறுகிறது. அதற்காகச் சாக்கடை வாசலுக்குத் திரும்பலாமா என்று கேட்டால், கூடவே கூடாது. வயிற்றுக்கடுப்பில் கைக்குழந்தைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் எத்தனை பேர்! குழாய் வந்தது பெரும் பேறு. அதன் நிழலாக வந்த நோய்க்கு மருத்துவம் இருக்கிறது.

முன்பு இந்நோய் குறைவு என்பதே மாயை, அறுத்துப் பார்க்க ஆளில்லாததால் கணக்கில் வரவில்லை என்று ஒருவர் மறுக்கலாம். பாதி உண்மைதான். ‘வயித்து நோவு’ என்று மட்டும் சொல்லிப் புதைத்த பிள்ளைகளில் குடல்வால் வெடித்தவர்களும் இருந்திருப்பார்கள்; மக்காரிசனின் சான்றை நான் தனியே நம்பாததும் இதனால்தான். ஆனால் பிரிட்டனில் நோய் இறங்கிய காலத்தில் மருத்துவர்கள் குறையவில்லை, கூடினார்கள். ஆங்கிள்சியில் மாறியது மருத்துவரின் கண் அல்ல, வீட்டுக் குழாய். பார்வைக் கோளாறு என்று அந்த ஏற்ற இறக்கத்தை விளக்கிவிட முடியாது.

காரணம் பற்றிய தப்பெண்ணம் சிகிச்சையையும் கெடுக்கிறது. தின்றதில்தான் கோளாறு என்று நம்பினால் தின்றதை வெளியேற்றத் தோன்றும். குடலேற்றம் என்று சொல்லி எண்ணெய் தேய்த்து வயிற்றைத் தட்டும் வழக்கம் நம்மிடம் பழையது. கை நிறைய விளக்கெண்ணெய் எடுத்து, தொப்புளைச் சுற்றி வழித்து, விலா ஓரத்திலிருந்து கீழ்நோக்கி நீவுவார்கள். அதே எண்ணெயில் ஒரு கரண்டி வாயிலும் போகும். சாதாரண வலிக்கு அந்தக் கையின் சூடே இதமாக இருக்கலாம். குடல்வால் சீழ்பிடித்திருந்தால் அழுத்தமும் பேதியும் அதை உடைக்கவே உதவும். பேதி மருந்து கொடுக்காதீர்கள் என்று 1930-களில் பிலடெல்பியா நகரம் ஒரு பிரசாரமே நடத்தியது, அத்தனை பிள்ளைகள் அப்படி இறந்திருந்தார்கள். பலருக்கு இந்த வலி தொப்புளைச் சுற்றித் தொடங்கி, சில மணி நேரத்தில் வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கி நிலைக்கும். பசி போய்விடும், வாந்தி வரும், காய்ச்சல் எட்டிப் பார்க்கும், பையன் குனிந்து நடப்பான், குதித்தால் அலறுவான். ஒன்றிரண்டு நாளில் வெடித்துவிடக்கூடும். கோலா தெர்லாவிலிருந்து தானா ராத்தா மருத்துவமனைக்குப் போகும் பாதை திரிங்காப்பையும் பிரிஞ்சாங்கையும் தாண்ட வேண்டும். பள்ளி விடுமுறையிலும் வார இறுதியிலும் சுற்றுலாக் கார்கள் அந்த ஒற்றைச் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும். ஈப்போவுக்கு அனுப்பினால் சிம்பாங் பூலாய் வரை மலை இறங்க வேண்டும். ‘என்னத்தைத் தின்னே?’ என்று விசாரிப்பதில் போகும் இரவு, அந்தச் சாலையில் போக வேண்டிய இரவு.