ஹைட்ரஜன் கோடுகளின் கணக்கு: குண்டூர் கிரகணம் முதல் ஊட்டி தொலைநோக்கி வரை

ஹைட்ரஜன் அடைத்த குழாயில் உயர் மின்னழுத்தத்தைக் கொடுத்து, அதில் எழும் ஒளியைக் கீற்றணி வழியே பார்த்தால் கண்ணுக்குத் தெரியும் பகுதியில் நான்கு கோடுகள் விழும். சிவப்பு 656.3 நானோமீட்டர், நீலப்பச்சை 486.1, நீலம் 434.0, ஊதா 410.2. எலக்ட்ரான் ஓர் ஆற்றல் மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு இறங்குவதை வைத்து இந்த எண்களைக் கணக்கிடுவது இன்று மேல்நிலைப் பள்ளிப் பாடம். பாடநூல் நீல்ஸ் போரின் அணு மாதிரியில் தொடங்கி, வாய்பாட்டைப் பெற்று, கடைசியில் கோடுகளைக் காட்டுகிறது. வரலாறு நடந்ததோ நேர் எதிர்த்திசையில். கோடுகளை முதலில் அளந்தார்கள். எண்களுக்குள் இருந்த உறவு பிறகு தெரிந்தது. காரணம் கடைசியாகத்தான் வந்தது. அந்தப் பாதையில் பழைய சென்னை மாகாணமும், கொடைக்கானலும், ஊட்டியும் குறிப்பிடத்தக்க நிறுத்தங்கள்.

சூரிய நிறமாலையில் கருங்கோடுகள் இருப்பதை 1814-இல் ஜோசப் ஃபிரான்ஹோஃபர் விரிவாகப் பதிவு செய்து, முக்கியமானவற்றுக்கு எழுத்துக் குறியீடுகள் இட்டார். அவர் குறித்த சிவப்புக் கோடும் நீலப்பச்சைக் கோடும் ஹைட்ரஜனுடையவை என்பது அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு தனிமத்துக்கும் தனக்கே உரிய கோடுகள் உண்டு என்பதை 1859-60-இல் கிர்க்காஃபும் புன்சனும் நிறுவிய பிறகே சூரியனில் இருக்கும் பொருள்களைப் பூமியிலிருந்தபடி பெயர் சொல்லி அடையாளம் காண முடிந்தது. சுவீடனின் ஆங்ஸ்ட்ராம் 1868-இல் வெளியிட்ட சூரிய நிறமாலைப் பட்டியலில் ஹைட்ரஜனின் நான்கு கோடுகளும் நானோமீட்டரில் இரண்டு, மூன்று தசம இடங்கள் வரை துல்லியமாக இடம்பெற்றன: 656.210, 486.074, 434.01, 410.12.

அதே 1868-இல், ஆகஸ்ட் 18 அன்று, முழு சூரிய கிரகணத்தின் பாதை தென்னிந்தியாவைக் குறுக்கே கடந்தது. சென்னை வானாய்வகத்தின் அரசு வானியலாளர் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்தில் முகாமிட்டார். பிரெஞ்சு வானியலாளர் ஜூல்ஸ் ஜான்சென் குண்டூரைத் தேர்ந்தெடுத்தார். இரண்டு ஊர்களும் அன்று சென்னை மாகாணத்தில் இருந்தன. சூரிய விளிம்பில் எழும் செந்நிறச் சுடர்கள் என்ன பொருளால் ஆனவை என்பதே அன்றைய கேள்வி. நிறமாலைமானி அதற்கு ஒரே நாளில் விடை சொன்னது. சுடர்களின் ஒளி தொடர் வண்ணமாக இல்லாமல் பளிச்சிடும் தனிக் கோடுகளாக வந்தது. அவற்றில் முதன்மையானவை ஹைட்ரஜனின் சிவப்பும் நீலப்பச்சையும். சுடர் என்பது பெருமளவு ஹைட்ரஜன் வாயு. கோடுகள் இவ்வளவு பளிச்சென்று இருந்தால் கிரகணம் இல்லாமலும் தெரிய வேண்டுமே என்று ஜான்சென் எண்ணினார். மறுநாள் காலையிலேயே குண்டூரில் அதைச் செய்தும் பார்த்தார்.

கிரகணத்தன்று தெரிந்த கோடுகளில் மஞ்சள் கோடு ஒன்றும் இருந்தது. சோடியத்தின் கோடு அதற்கு மிக அருகில் விழுவதால் அதுவே இது என்று பலர் கருதினர். இடம் சற்று விலகியிருப்பதை ஆங்கிலேய வானியலாளர் லாக்யர் பின்னர் காட்டினார். அழுத்தத்தை மாற்றினால் ஹைட்ரஜனே இக்கோட்டைத் தருமோ என்று அவரும் வேதியியலாளர் ஃபிராங்க்லண்டும் ஆய்வகத்தில் முயன்றும் பார்த்தனர். 587.6 நானோமீட்டரில் ஹைட்ரஜனுக்குக் கோடு கிடையாது என்று இன்று எந்த மாணவரும் ஒரு நிமிடத்தில் கணக்கிட்டுச் சொல்லிவிடுவார். 1868-இல் அந்தக் கணக்கு பிறக்கவில்லை; சோதித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அந்த மஞ்சள் கோடு ஹீலியத்துடையது. பூமியில் ஹீலியம் கையில் கிடைத்தது 1895-இல், ராம்சேயின் ஆய்வகத்தில்.

கோடுகள் இப்படிக் குவிந்துகொண்டிருக்க, அவற்றின் எண்களுக்குள் ஒழுங்கைக் கண்டவர் இயற்பியலாளர் அல்லர். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் பெண்கள் பள்ளியில் கணிதம் கற்பித்த யோகான் பாமர், 60 வயதில், 1885-இல் தம் கட்டுரையை வெளியிட்டார். ஆங்ஸ்ட்ராம் தந்த நான்கு எண்களுக்கும் பொதுவான ஓர் அடிப்படை அளவைத் தேடி, 364.56 நானோமீட்டரை அவர் பிடித்தார். அதை 9/5-ஆல் பெருக்கினால் 656.21, 4/3-ஆல் பெருக்கினால் 486.08, 25/21-ஆல் பெருக்கினால் 434.00, 9/8-ஆல் பெருக்கினால் 410.13. அளந்த எண்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு இரண்டாம் தசம இடத்தில்தான் தலைகாட்டுகிறது. பின்னங்கள் ஒழுங்கற்றவை போலத் தோன்றும். ஆனால் 4/3-ஐ 16/12 என்றும் 9/8-ஐ 36/32 என்றும் எழுதிவிட்டால் மேலே நிற்பவை 9, 16, 25, 36. கீழே நிற்பவை அவற்றிலிருந்து 4 கழித்தவை. மேலே 3, 4, 5, 6 ஆகியவற்றின் வர்க்கங்கள். கழிபடும் 4 என்பது 2-இன் வர்க்கம். இந்த 2-க்கு என்ன பொருள் என்று அவருக்குத் தெரியாது. அதை 1 என்றும் 3 என்றும் மாற்றினால் வேறு வரிசைகள் கிடைக்கக்கூடும் என்று மட்டும் ஊகித்தார். இயற்பியல் துளியும் கலவாத எண் விளையாட்டு என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் அடுத்த 28 ஆண்டுகளுக்கு அணுவைப் பற்றிய எந்தக் கொள்கையும் இதற்கு இணையாக நிற்கவில்லை.

சுவீடனின் ரிட்பெர்க் அலைநீளத்தைத் தலைகீழாக்கி அலை எண்ணாக எழுதினார். ஒரு மீட்டர் நீளத்தில் எத்தனை அலைகள் அடங்கும் என்பதே அலை எண். அப்படி எழுதியதும் பாமரின் பெருக்கல் எளிய கழித்தலாக மாறிவிட்டது: கீழ் எண்ணின் வர்க்கத்தின் தலைகீழிலிருந்து மேல் எண்ணின் வர்க்கத்தின் தலைகீழைக் கழித்து, ரிட்பெர்க் மாறிலியால் பெருக்க வேண்டியதுதான். ஹைட்ரஜனுக்கு அம்மாறிலி மீட்டருக்கு 1,09,67,758. பாமரின் ஊகமும் பலித்தது. கீழ் எண் 1 ஆகும் லைமன் வரிசை புறஊதாவிலும், 3 ஆகும் பாஷன் வரிசை அகச்சிவப்பிலும் அகப்பட்டன. பிராக்கெட், ஃபண்ட் வரிசைகள் 1920-களில் சேர்ந்தன.

கழித்தல் ஏன் என்ற கேள்விக்கு 1913-இல் நீல்ஸ் போர் பதில் தந்தார். அணுவைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த அவருக்குப் பாமர் வாய்பாட்டை நினைவூட்டியவர் நிறமாலை ஆய்வில் ஈடுபட்டிருந்த நண்பர் ஹான்சென். போரின் பார்வையில் கழிபடும் இரண்டு உறுப்புகளும் இரண்டு ஆற்றல்கள். எலக்ட்ரான் குறிப்பிட்ட மட்டங்களில் மட்டுமே இருக்க முடியும். மேலிருந்து கீழே வரும்போது இடைப்பட்ட ஆற்றல் ஒரே ஃபோட்டானாக வெளியேறும். முதல் மட்டத்தின் ஆற்றல் −13.6 எலக்ட்ரான் வோல்ட். மற்றவற்றின் ஆற்றல் அதை மட்ட எண்ணின் வர்க்கத்தால் வகுத்தது. இரண்டாம் மட்டம் −3.40, மூன்றாம் மட்டம் −1.51. மூன்றிலிருந்து இரண்டுக்கு வரும் எலக்ட்ரான் விடுவது 1.89 எலக்ட்ரான் வோல்ட். 1240-ஐ இந்த ஆற்றலால் வகுத்தால் அலைநீளம் நானோமீட்டரில் வரும்: 656. பாமருக்குப் புரியாத 2, எலக்ட்ரான் வந்து சேரும் மட்டத்தின் எண்.

போரின் உண்மையான சாதனை மாறிலியில் இருக்கிறது. ரிட்பெர்க் மாறிலி அதுவரை அளந்து பெற்ற எண். போர் அதை எலக்ட்ரானின் மின்னூட்டம், நிறை, பிளாங்க் மாறிலி ஆகியவற்றிலிருந்தே வருவித்தார். அதிர்வெண்ணாக அவருக்குக் கிடைத்தது நொடிக்கு 3.1 × 10¹⁵. அளவீடு சொன்னது 3.29 × 10¹⁵. அன்று அந்த மாறிலிகள் தெரிந்திருந்த துல்லியத்துக்கு இது நல்ல பொருத்தமே.

கணக்கை நுணுக்கமாகப் பார்த்தால் பாடநூல் பேசாத சில தெரியவரும். அணுக்கரு அசையாது என்று வைத்துச் சிவப்புக் கோட்டைக் கணக்கிட்டால் விடை 656.11. ஆனால் அணுக்கருவும் எலக்ட்ரானும் பொதுவான நிறை மையத்தைச் சுற்றுகின்றன; புரோட்டானின் நிறை எலக்ட்ரானைப் போல 1836 மடங்கு மட்டுமே. அந்தத் திருத்தத்தைச் சேர்த்தால் 656.47. இது வெற்றிடத்துக்கான மதிப்பு. ஆய்வகத்தில் ஒளி காற்றில் வருவதால் ஒளிவிலகல் எண்ணால் வகுக்க வேண்டும்; அப்போது 656.29. அளவீடு 656.28. இரண்டாம் தசமத்தில் எஞ்சும் வேறுபாட்டுக்கு, அக்கோடே மிக நெருங்கிய சில கோடுகளின் தொகுப்பு என்பது காரணம். நிறைத் திருத்தம் வெறும் பொடிக்கணக்கு அல்ல. நம் ஊர்களில் கோடையின் தொடக்கத்தில் தெற்கு வானில் தெரியும் சீட்டா பப்பிஸ் என்ற விண்மீனின் நிறமாலையில், வானியலாளர் பிக்கரிங் கண்ட ஒரு வரிசை ஹைட்ரஜனுடையது என்றே நம்பப்பட்டது. அயனியான ஹீலியத்துடையது என்றார் போர். எண்கள் சற்றுப் பொருந்தவில்லை என்று நிறமாலை ஆய்வாளர் ஃபௌலர் மறுத்தபோது, இந்த நிறைத் திருத்தத்தைச் சேர்த்தே போர் பதிலளித்தார். 1931-இல் யூரே டியூட்டிரியத்தைக் கண்டுபிடித்ததும் இதே வழியில்தான். அணுக்கரு இருமடங்கு கனமானால் சிவப்புக் கோடு 0.18 நானோமீட்டர் நகரும் என்று கணக்குச் சொன்னது. அந்த இடத்தில் மங்கலான ஒரு கோடு இருந்தது.

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் இந்தச் சிவப்புக் கோடு அன்றாடப் பயன்பாட்டுக்கு வந்தது. சென்னை வானாய்வகத்தின் பணி 1899-இல் மலைக்கு மாறியது. 1907-இல் அங்கு வந்த ஜான் எவர்ஷெட், நிறமாலையில் ஒரே கோட்டின் ஒளியை மட்டும் ஒரு பிளவின் வழியே பிரித்தெடுத்து சூரியன் முழுவதையும் படமெடுக்கும் கருவிகளை இயக்கினார். 1912 முதல் ஹைட்ரஜனின் சிவப்பில் எடுத்த தட்டுகள் அங்கே சேரத் தொடங்கின. அந்தத் தட்டில் சூரிய வட்டின்மேல் கரிய இழைகள் ஓடும். சூரியன் சுழன்று அதே இழை விளிம்புக்கு வரும்போது கரிய வானத்தின் முன் பளிச்சிடும் சுடராகத் தெரியும். குண்டூரில் கிரகண நிமிடங்களில் கண்டது, கொடைக்கானலில் வானம் தெளிந்த நாளெல்லாம் பதிவானது. எவர்ஷெட்டும் மனைவி மேரியும் சுடர்களைப் பற்றிய விரிவான ஆய்வை 1917-இல் வெளியிட்டனர். வாயு நொடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வந்தால் சிவப்புக் கோடு 0.0022 நானோமீட்டர் நகரும். நிலையான அலைநீளம் சரியாகத் தெரிந்தால்தான் இந்த நகர்வைப் படிக்க முடியும்.

இங்கே ஒரு புதிர் உண்டு. சிவப்புக் கோட்டை உறிஞ்ச எலக்ட்ரான் முதலில் இரண்டாம் மட்டத்தில் இருந்தாக வேண்டும். சூரியப் பரப்பின் ஏறத்தாழ 5800 கெல்வின் வெப்பநிலையில் அப்படி இருப்பது சுமார் இருபது கோடி அணுக்களில் ஒன்று. ஆகவே கோட்டின் வலிமையைக் கண்டு ஹைட்ரஜனின் அளவை மதிப்பிட்டால் ஏமாற்றமே மிஞ்சும். வெப்பநிலையும் அயனியாக்கமும் கோடுகளின் வலிமையை எப்படித் தீர்மானிக்கின்றன என்பதை 1920-இல் மேகநாத் சாகா வகுத்தார். அதைக் கொண்டு செசிலியா பெய்ன் 1925-இல் விண்மீன்களில் ஹைட்ரஜனே மிகுதி என்ற முடிவுக்கு வந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர், கூடுதல் எலக்ட்ரான் ஒட்டிய ஹைட்ரஜன் எதிர்மின் அயனியே சூரிய ஒளியின் பெரும்பகுதியை உறிஞ்சி உமிழ்கிறது என்பதை 1940-களில் கணக்கிட்டு உறுதிப்படுத்தினார்.

போரின் சுற்றுப்பாதைகள் 1926-க்குப் பிறகு நிலைக்கவில்லை. ஷ்ரோடிங்கரின் சமன்பாடு அவற்றின் இடத்தைப் பிடித்தது. ஆற்றல் மட்டங்களின் வாய்பாடு மட்டும் அப்படியே தப்பியது. எவ்வளவு தூரம் அது செல்லும் என்பதற்கு ஊட்டி நல்ல சான்று.

மட்ட எண்கள் நூறுகளில் செல்லும்போது அடுத்தடுத்த மட்டங்கள் மிக நெருங்கிவிடும்; வெளிப்படும் அலை ஒளியாக இல்லாமல் வானொலி அலையாக இருக்கும். இத்தகைய கோடுகளை விண்வெளியில் காண முடியும் என்று சோவியத் வானியலாளர் கர்தஷேவ் 1959-இல் கணித்தார். 1960-களின் நடுவில் அவை அகப்பட்டன. ஊட்டிக்கு அருகே முத்தோரையில் கோவிந்த் சொரூப் தலைமையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1970-இல் முடித்த தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. அவ்விடத்தின் அட்சரேகை சுமார் 11 பாகை. மலைச்சரிவும் அதே அளவு சாய்ந்திருப்பதால் நீண்ட அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. அது கேட்கும் அலைவரிசை 327 மெகாஹெர்ட்ஸை ஒட்டியது.

இந்த அலைவரிசைக்கு அருகில் ஹைட்ரஜன் கோடு ஏதும் உண்டா என்று பாமரின் வழியிலேயே பார்க்கலாம். 1/272²-இலிருந்து 1/273²-ஐக் கழித்தால் 0.00000009884. ரிட்பெர்க் மாறிலியால் பெருக்கித் தலைகீழாக்கினால் அலைநீளம் 0.9225 மீட்டர், அதிர்வெண் 325 மெகாஹெர்ட்ஸ். 273-ஆம் மட்டத்திலிருந்து 272-க்கு எலக்ட்ரான் இறங்கும்போது எழும் இந்த அலையை இராமன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அனந்தராமையா ஊட்டித் தொலைநோக்கியால் நம் விண்மீன் மண்டலத் தளத்தின் பல திசைகளில் பதிவு செய்து, 1985-இல் வெளியிட்டார். அடர்த்தி மிகக் குறைந்த அயனி வாயு அத்தளத்தில் பரவியிருப்பதை அது காட்டியது. போரின் அளவுப்படி அந்த நிலையில் ஒரு ஹைட்ரஜன் அணுவின் விட்டம் சுமார் 8 மைக்ரோமீட்டர், மனித இரத்தச் சிவப்பணுவின் அளவு. ஃபோட்டானின் ஆற்றல் சிவப்புக் கோட்டினுடையதில் 14 லட்சத்தில் ஒரு பங்கு. நான்கு கோடுகளுக்காக ஒரு பள்ளி ஆசிரியர் கண்ட உறவு, மாற்றமின்றி இங்கும் சரியான விடை தருகிறது.

இந்தக் கணக்கைப் பாடமாகப் படிக்கும் தமிழ்நாட்டின் மேல்நிலைப் பள்ளிகளில் மாநிலப் பாடத்திட்டப்படி நிறமாலைமானியும் கீற்றணியும் கொண்டு கூட்டொளியின் அலைநீளம் காணும் செய்முறை உண்டு. அதற்கு எரியும் விளக்கு பாதரச ஆவி விளக்கு. பாதரசத்துக்கு 80 எலக்ட்ரான்கள். அதன் பச்சைக் கோடு 546.1 நானோமீட்டரில் ஏன் விழுகிறது என்பதைக் கையால் கணக்கிட வழியில்லை. ஆக, மாணவர் கணக்கிடுவதை அளப்பதில்லை; அளப்பதைக் கணக்கிடுவதில்லை. பாதரச விளக்குக்கு அருகில் ஒரு ஹைட்ரஜன் மின்னிறக்கக் குழாயையும் செய்முறைப் பட்டியலில் சேர்ப்பது பாடத்திட்டக் குழுவுக்குக் கடினமான காரியம் அல்ல. மீட்டருக்கு 6 லட்சம் கோடுகள் கொண்ட கீற்றணியில், முதல் வரிசையில், சிவப்புக் கோடு 23.2 பாகையிலும் நீலப்பச்சை 17.0 பாகையிலும் விழும். அக்கோணங்களின் சைன் மதிப்புகளின் விகிதம் 1.35, பாமரின் 9/5-ஐ 4/3-ஆல் வகுத்தால் வருவதும் அதுவே.